என் நோட்டில் எழுதாத பதினொரு மணி

பெருமதிப்புக்குரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை, எடையும் இடுப்பும் அளந்து பார்த்த பிறகே சொல்கிறேன். அங்கே நீயும் அத்தானும் அளக்காமலே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் மகள், அதாவது உன் மருமகள், பல்கலைக்கழகத்தில் உணவியல் படிப்பது உனக்குத் தெரியும். கடைசி வருடத்தில் ஒரு நோயாளிக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று வகுத்துக் கொடுத்து, மூன்று மாதம் கவனித்து, பலனைத் தேர்வாளர் முன்னால் காட்ட வேண்டுமாம். அதில் தேறினால்தான் பயிற்சி, பயிற்சி முடித்தால்தான் பதிவு பெற்ற டயட்டீஷியன். வீட்டிலேயே சர்க்கரைக்காரன் இருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும் என்று நானே போய்த் தலையைக் கொடுத்தேன். "வாயில போறது எல்லாத்தையும் எழுதணும்ப்பா" என்று ஒரு நோட்டைக் கொடுத்தாள். எழுதினேன்: காலையில் ஓட்ஸ், மதியம் வேகவைத்த காய், சாயங்காலம் வெள்ளரிக்காய். எழுதாமல் விட்டது பதினொரு மணி. அந்த நேரத்தில் எங்கள் ஆபீஸே எழுந்து கேன்டீனுக்குப் போகும், நானும் போவேன், வெண்ணெய் பிஸ்கட் நாலு, யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக், எங்கள் ஆபீஸில் அறுபது பேர், அக்கா, அத்தனை பேரும் பிறந்து தொலைத்திருக்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை ஏறியிருக்கிறது. பிள்ளை ஆடிப்போய்விட்டாள். வெள்ளரிக்காயில் இவ்வளவு மாவுச்சத்து எங்கிருந்து வந்தது என்று ஒரு வாரம் மேசை நிறையப் புத்தகத்தைப் பரப்பிக் கூட்டிக் கழித்தாள். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

தேர்வுக்கு நோயாளியும் கூட வர வேண்டுமாம். தேர்வாளர் அம்மாள் மூக்கு நுனியில் கண்ணாடியோடு என் நோட்டைப் புரட்டி, "இவ்வளவு ஒழுங்கா சாப்பிட்டும் ஏம்மா ஏறுச்சு?" என்று கேட்டார். உன் மருமகள், "நான் போட்ட திட்டத்துலதான் ஏதோ தப்பு மேடம்" என்றாள் பாரு, அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றேன். "திட்டம் சரிதான் மேடம். நோட்டுதான் பொய்" என்று கேன்டீன் கதை முழுவதையும் கொட்டிவிட்டேன்.

அந்த அம்மாள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. உன் மருமகளைப் பார்த்து, "இப்ப என்ன செய்வே?" என்றார். திட்டித் தீர்க்கப்போகிறாள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளோ நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"பதினொரு மணிக்குப் பசிக்குதாப்பா?"

"பசி எல்லாம் இல்லம்மா. எல்லாரும் போறப்ப நான் மட்டும் தனியா உக்காந்திருந்தா ஒரு மாதிரி இருக்கு."

"அப்ப போங்க. சர்க்கரை போடாத டீ, ஒரே ஒரு பிஸ்கட். அதையும் எழுதுங்க. நான் திட்ட மாட்டேன்."

அம்மாள் பேனாவை மூடிவிட்டு, "பாஸ்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "எங்க வீட்டுக்காரரும் நோட்டு எழுதுறார். தினமும் வெள்ளரிக்காய்தான்" என்று பெருமூச்சு விட்டார்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இனி சாப்பாட்டு விஷயத்தில் அவளிடம் பொய்யே சொல்வதில்லை என்று சத்தியம் செய்துவிட்டேன். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகள் பசித்துச் சாப்பிட்டு, செரித்துத் தூங்கி, நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உண்மையே பேசும் உன் தம்பி

பி.கு.: அவளுக்குப் பயிற்சி உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில்தான் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை வந்து ஆறு மாதம் உன் வீட்டில்தான் தங்குவாள். "அத்தை வீட்ல எப்படிச் சாப்பிடுவாங்க?" என்று கேட்டாள். இனிப்பு என்ற பேச்சே அந்த வீட்டில் கிடையாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஃபிரிட்ஜைக் காலி செய்துவிடு.