காசு வெளியே போகுது!

"ஏசி ஓடுது, கதவச் சாத்து!" என்று ஒரு நாளைக்கு ஒருமுறையாவது யாரும் கத்தாத தமிழ் வீட்டை நான் பார்த்ததில்லை. அந்த அதட்டலைக் கேட்டே வளர்ந்தவன் நான். அதுவே ஒருநாள் என் மானத்தை வாங்கும் என்று நினைக்கவில்லை.

சிட்னி லிட்கமில் சின்ன அடுக்குமாடி வீடு எங்களுக்கு. வாடகை ஏறிக்கொண்டே போனது. ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வேலை கிடைத்ததும், பாலைவனமானால் என்ன, நாலு காசு மிச்சமாகும் என்று கிளம்பிவிட்டேன். என் மனைவி சித்ராவுக்குத்தான் அங்கே பேச்சுத்துணை இல்லை. அவளுடைய ஒரே நம்பிக்கை அண்ணன் முரளியும் அண்ணி பானுவும். அவர்களும் லிட்கம் வாடகையில் நொந்துபோனவர்கள். ஊர் பிடித்தால் வந்துவிடுவதாக இருந்தார்கள்.

"கரன்ட் பில்லு எகிறுமாமே மாப்ள?" என்று முரளி போனில் கேட்டார்.

"நேர்ல வந்து பாருங்க மச்சான். வீடு ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும், பில்லு பூனைக்குட்டி மாதிரி வரும்!" (வாய்க்கு யாராவது வரி போடுகிறார்களா என்ன?)

ஜனவரியில், ஆஸ்திரேலியக் கோடையில், வந்தார்கள். வெளியே நாற்பதைத் தாண்டிய வெயில். நான் தயாராக இருந்தேன். ஜன்னல் எல்லாம் இறுக்க மூடியாயிற்று. கதவிடுக்குகளில் துண்டு. துணி துவைக்கும் அறைக் கதவுக்கு டேப் வேறு. அதுவரை பில்லுக்குப் பயந்து போடாமலிருந்த கூரைமேல் குளிரூட்டியை முழு வேகத்தில் வைத்துவிட்டு, கல்யாண வீட்டுக்காரன் மாதிரி நின்றேன்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அப்பளம் இலையில் விழுந்ததும் நமத்தது. சுவர் வியர்த்தது. நாங்களும்தான்.

"பாலைவனம்னா காஞ்சு கெடக்கும்னாங்களே," என்றார் பானு அக்கா, கழுத்தைத் துடைத்தபடி. "இங்க இட்லிச் சட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு."

"மே மாசம் மெட்ராஸ்லகூட இப்படிப் புழுங்கல மாப்ள," என்றார் முரளி.

சித்ரா என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

பொறுக்க முடியாமல் பானு அக்கா எழுந்து போய் ஜன்னலில் கை வைத்தார். நான் கரண்டியோடு பாய்ந்தேன். "அக்கா, மூடுங்க! மூடுங்க! என் காசு வெளியே போகுது!"

வந்த விருந்தாளியை, அதுவும் மச்சான் மனைவியை, சாப்பாட்டுக்கு நடுவில் காசைச் சொல்லி அதட்டியிருக்கிறேன்.

"போகட்டும் தம்பி," என்றார் அவர், மெதுவாக. "நான் உயிரோட ஊர் போய்ச் சேரணும்ல." ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கூரைத் துவாரத்திலிருந்து ஊட்டிக் காற்று இறங்கியது. அப்போதுதான் வீட்டு ஏஜென்ட் பெண் சாவி கொடுக்கும்போது சொன்னது ஞாபகம் வந்தது: இது வழக்கமான ஏசி அல்ல, தண்ணீரில் நனைத்த காற்றை உள்ளே தள்ளும் இயந்திரம், ஈரக்காற்று வெளியேற ஜன்னல் திறந்திருக்க வேண்டும். நான் அன்று பாதி கேட்டு, "யா யா" என்று தலையாட்டியிருந்தேன். கரன்டும் தண்ணீரும் செலவழித்து, வீட்டை நானே ஆவியில் வேகவைத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க தம்பி," என்றார்கள். ஊர் திரும்பியபின் முரளி சித்ராவிடம் சொன்னாராம்: "பில்லுக்குப் பயமில்லம்மா. அங்க வந்தா நானும் மாப்ள மாதிரி ஆயிடுவேனோன்னுதான் பயம்."

அவர்கள் மெல்பர்ன் பக்கம் கிரெய்கிபர்னில் வீடு வாங்கினார்கள். நாங்கள் இன்னும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில்தான். சித்ராவுக்குப் பக்கத்தில் இன்னும் பேச்சுத்துணை இல்லை. தினமும் சாயங்காலம் அண்ணியோடு வீடியோவில் பேசிக்கொண்டே வெங்காயம் நறுக்குகிறாள்.

வருஷத்துக்கு ஒருமுறை அங்கே போகும்போது பானு அக்கா வாசலிலேயே பிடித்துக்கொள்வார்: "சித்ரா, சீக்கிரம் உள்ள வாடி! உங்க வீட்டுக்காரர் காசு வெளியே போகுது!"

எல்லோரும் சிரிப்பார்கள். சித்ராவும் சிரிப்பாள், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு.