ஒரே நெஞ்சுக்கு இரண்டு பலன்

டாக்டர்கள் தலைமுடி கொட்டக் கொட்டப் படிக்கிற இசிஜி, கோட்டு மகானுக்குப் பிறவியிலேயே வந்துவிட்டதாம். தாளை விளக்குக்கு முன்னால் பிடிப்பார். கோடு ஏறினால் யோகம், இறங்கினால் கண்ணேறு. கண்ணேறுக்குச் செப்புக் காப்பு. ஏறி இறங்காத கோடு உயிருள்ளவனுக்குக் கிடையாது என்பதால், வியாபாரம் ஒருநாளும் படுக்கவில்லை. வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை.

அதில் பூட்டு ரிப்பேர்க்காரர் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நெஞ்சுவலிக்காரர் என்று யாரும் வழிவிடவில்லை; அங்கே எல்லாரும் நெஞ்சுவலிக்காரர்கள்தான். பக்கத்தில் அவர் மனைவி, தையற்காரி. சற்று முன்புதான் கிளினிக் டாக்டரம்மா தாளைக் காட்டித் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "கூர்முனைக்கு அப்புறம் கோடு சமமா வரணும். இவருக்கு மேடாவே நிக்குது. ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. இது மாரடைப்பு." அவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போடுவதற்குள் மனிதர் தாளோடு இங்கே நழுவி வந்துவிட்டார். தையற்காரி வண்டியை இங்கேயே வரச் சொல்லியிருந்தாள்.

"வண்டி வந்தா ஏறுங்க."

"மகான் பாக்காம ஏற மாட்டேன்."

அவள் பையிலிருந்து கத்தரியை எடுத்தாள். அவர் கையிலிருந்த தாளைப் பிடுங்கி, நெளிநெளியாக இரண்டாக வெட்டினாள். வரிசையை இடித்துக்கொண்டு, அவரையும் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனாள்.

"இது இவரோடது சாமி."

"ஆகா, மேடு! ஏறுமுகம். நூறு வயசு."

"இது என்னோடது."

மகான் உச்சுக்கொட்டினார். "சொந்தத்துல ஒரு பொம்பளையோட கண்ணு. பெரிய காப்பாவே போடணும்."

தையற்காரி இரண்டு துண்டையும் மேஜையில் சேர்த்தாள். நெளிவுக்கு நெளிவு பொருந்தியது. கோடு ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தடங்கலில்லாமல் ஓடியது.

"ரெண்டும் இவரோட நெஞ்சுதான். பாதி நெஞ்சு நூறு வயசு வாழும், மீதிக்குக் காப்பா?"

கூட்டம் எட்டிப் பார்த்தது. மகானுக்கு வேர்த்துக் கொட்டியது. இடுப்பிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"அது எந்த மகான் குடுத்தது?" என்றாள் தையற்காரி.

"ஹார்ட் டாக்டர்..." வாய் தவறி வந்துவிட்டது.

வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. "ஏத்திவிடு," என்றார் பூட்டுக்காரர். ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டார்.

அன்று வண்டி கிளம்பும்போது வரிசையில் ஒருவர், தாளும் கையுமாக, "பக்கத்துல வேற மகான் யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இதயம் வேலை செய்கிறதா என்று பார்க்க இசிஜி இருக்கிறது. மூளையை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.