கழுத்து ஃபேனும் காலைப் போணியும்

இனிமேல் எந்த மச்சானுக்கும் ஆணி எண்ணித் தரமாட்டேன் என்று போன சித்திரையில் முடிவெடுத்தேன்.

மச்சான் என்றால் என் மனைவி சரிதாவின் அண்ணன் அய்யப்பன். இரும்புக்கடை வைத்திருக்கிறார். அங்கே ஆறு வருஷம் நின்றேன். உட்கார நாற்காலி உண்டு. அதில் அவர் இருப்பார்.

"இறக்குமதி பண்ணப் போறேன்" என்றேன் சரிதாவிடம்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "எத?"

"கழுத்து ஃபேன்."

மாலை மாதிரி கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்ன விசிறி. சார்ஜ் போட்டால் நாலு மணி நேரம் ரெண்டு காதுப் பக்கமும் காற்று வரும். புதுச்சேரி வெயிலில் இது விற்காமல் வேறு எது விற்கும் என்று கேட்டேன். சரிதா கீரையைத் தள்ளி வைத்தாள். பிறகு அடகு வைத்துக்கொள்ளச் சொல்லி, கையில் கிடந்த ரெண்டு வளையலையும் கழற்றிக் கொடுத்தாள்.

"மூணு மாசம். அதுக்குள்ள வளையல் என் கைக்கு வரணும். வரலன்னா நீங்க திரும்ப அண்ணன் கடைக்குப் போயிடணும்."

அவள் குரலை உயர்த்தவே மாட்டாள். உயர்த்தினால்கூட எனக்கு இவ்வளவு பயம் இருக்காது.

சரக்குக்குச் சீனாவில் லில்லி என்று ஒருத்தியைப் பிடித்தேன். எல்லாம் போனில்தான். முதல் செய்தியிலேயே என்னை 'டியர் இளஞ்செழியன்' என்றாள். ஆறு வருஷத்தில் மச்சான் என்னைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. நான் உருகிப்போனேன். ஒன்று நூற்றுத் தொண்ணூறு ரூபாய், முந்நூறு ஃபேனுக்குக் குறைந்தால் அனுப்பமாட்டாள். இன்னும் ரெண்டு பேரிடம் விலை கேட்டுப் பாருங்க என்று சரிதா சொன்னாள். டியர் என்று கூப்பிட்டவளை விட்டுவிட்டு இன்னொரு இடத்தில் போய் விலை கேட்பதா? மனசு வரவில்லை.

அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. கப்பல் கூலி வந்தது. சுங்க வரி வந்தது. வரியைக் கட்டிப் பெட்டியை மீட்க ஒரு ஏஜென்ட் வந்தார். மீட்ட பெட்டியைச் சென்னையிலிருந்து ஏற்றிவர ஒரு வண்டி வந்தது. எல்லாரும் வந்துபோன பிறகு பார்த்தால், நூற்றுத் தொண்ணூறு ரூபாய் ஃபேன் முந்நூற்றுப் பத்து ரூபாய் ஃபேனாக வந்து இறங்கியிருந்தது. இந்த அடக்க விலையை மட்டும் சரிதாவிடம் சொல்லவில்லை. தொழில் ரகசியம். எங்கள் வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே ரகசியமும் அதுதான்.

உப்பளம் ஏரியாவில் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்தேன். என் கையாலேயே ஒரு பலகை எழுதி மாட்டினேன். 'ஒரே விலை. பேரம் இல்லை.' விலை எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது.

"கழுத்துல மாட்டுற சாமானுக்குத் தொள்ளாயிரமா?" என்றாள் சரிதா.

"வெள்ளக்காரங்களுக்கு அது பத்து யூரோ."

"அவங்க உப்பளத்துக்கு எதுக்கு வராங்க?"

இந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை. ஆனாலும் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். 'போன்ழூர்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி எழுந்து நின்றேன். கக்கூஸ் எங்கே என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரத்தில் அவர் ஒருவர்தான்.

எட்டாம் நாள் காலை. சூடம் கொளுத்தி முடிக்கவில்லை, ஒரு அம்மா வந்து நின்றார். ஆறு ஃபேன் வேணும், ஒண்ணு முந்நூறு என்றார். நான் பலகையைக் காட்டினேன்.

"மொத போணிப்பா. வெறுங்கையோட அனுப்பாத" என்றார் அந்த அம்மா.

இங்கேதான் நான் கவிழ்ந்தேன். முதல் ஆளைத் திருப்பி அனுப்பினால் அன்றைக்கு வியாபாரம் விளங்காது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஏற்கெனவே விளங்காத வியாபாரம் வேறு. என் பலகைகூடப் போணி ஆன பிறகுதான் பேச ஆரம்பிக்கும். முந்நூறு என்றால் ஒன்றுக்குப் பத்து ரூபாய் என் கையிலிருந்து போகும். அந்த அம்மா முந்நூற்றைம்பதுக்கு ஏறினார். நான் இறங்கினேன். பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மறுநாள் சூடம் கொளுத்தும்போது வேறொரு அம்மா. எட்டு ஃபேன், எடுத்த எடுப்பிலேயே முந்நூற்றைம்பது. அதற்கு மறுநாள் இன்னொருவர். அவரும் முந்நூற்றைம்பது. ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் அதே விலை. சந்தை தன் விலையைத் தானே கண்டுபிடித்துவிட்டது என்று எனக்குப் பெருமை. போணி ஆன பிறகு நாள் முழுக்க ஒரு ஈ எட்டிப் பார்க்காது. உலகத்திலேயே போணியை மட்டும் நம்பி நடந்த கடை என்னுடையதாகத்தான் இருக்கும்.

ஒன்றரை மாசத்தில் முந்நூறும் தீர்ந்தது. வாடகையும் அடகு வட்டியும் போக, மீன் குழம்பு வைக்கிற அளவுக்கு மிச்சம். வளையலை மீட்டுச் சரிதா கையில் போட்டேன். அறையைக் காலி செய்தேன். பலகையைத் தூக்கிப் போடு என்று அவளிடம் கொடுத்தேன். மிச்சப் பணத்தில் மீன் வாங்கி வரச் சொன்னாள்.

பெரிய மார்க்கெட் மீன் வரிசையில் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லார் கழுத்திலும் என் ஃபேன். எங்களுக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கும் செல்வாம்பாள் கழுத்திலும் ஒன்று உர்ர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தது என் எட்டாம் நாள் போணி அம்மா.

"இது எங்க வாங்கினீங்க?" என்றேன் செல்வாம்பாளிடம்.

"இன்னா தம்பி, உங்க வூட்டு சரக்கையே என்னாண்ட கேக்குற. சரிதா குடுத்துச்சு. அறுநூறு ரூபா. வாரம் அம்பது அம்பதா குடுத்தா போதும்னுச்சு. பூக்காரங்கல்லாம்கூட வாங்கிட்டாங்க."

இறால் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். சரிதா பணம் கொடுத்து அனுப்பி, தவணையில் ஒரு வாரம் கழித்துக்கொள்கிறேன் என்று சொன்னதால்தான் அன்றைக்கு உப்பளம் வரை வந்தாராம். மத்தவங்களும் அப்படித்தான் என்றார். நான் மீன் வாங்கவில்லை.

நேராகக் கருவடிக்குப்பத்து மாமியார் வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு ஒத்தாசைக்கு என்று சரிதா தினமும் மத்தியானம் போய்வருவது அங்கேதான். கூடத்தில் என் அட்டைப்பெட்டிகள் காலியாக அடுக்கியிருந்தன. நடுவில் நோட்டும் பேனாவுமாக அவள். கையில் வளையல்.

"என்னையே ஏமாத்திட்ட."

"ஏமாத்தலீங்க. அம்மாவோட சீட்டுக் காசு குடுத்துதான வாங்குனேன்."

"அடக்கம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"முந்நூறுன்னப்ப உங்க மூஞ்சி செத்துப்போச்சாம். முந்நூத்தம்பதுன்னதும் சிரிச்சீங்களாம்."

என் ஒரே ரகசியம் இந்த மூஞ்சியில்தான் இருந்திருக்கிறது.

அடுத்த சரக்குக்கும் சொல்லியாகிவிட்டது என்றாள். வேறு ரெண்டு பேர் சொன்ன விலையைக் காட்டியதும் லில்லி நூற்றைம்பதுக்கு இறங்கிவிட்டாளாம். "நல்ல பொண்ணு. என்னையும் டியர்னுதான் கூப்புடுறா."

நான் ஒரு காலிப் பெட்டியை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அப்ப நானு?" என்றேன்.

"வளையல்தான் வந்துடுச்சே. அண்ணன் கடைக்கு நீங்க போக வேணாம்." எனக்கு மூச்சு வந்தது. "திங்கக்கெழமலருந்து இங்க வந்துடுங்க. மார்க்கெட்டுல தவண வசூல் பண்ண ஆள் வேணும். அண்ணன் குடுத்த சம்பளம் நான் தரேன்."

"கொஞ்சம் கூட்டிக் குடேன்" என்றேன்.

அவள் பேனாவை நீட்டி எனக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினாள். திரும்பிப் பார்த்தேன். 'ஒரே விலை. பேரம் இல்லை.' என் கையெழுத்துதான்.