மூன்றாம் ஓலைக்கு நான் போட்ட முடிவு

என்னுடைய கல்யாணத்தில் மாப்பிள்ளை நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. புதிதாகக் கல்யாணம் ஆனபோது வந்திருந்தால் யாரிடமாவது கேட்டுத் தெளிந்திருக்கலாம். பேரன் பேத்தி எடுத்த பிறகு வந்தது. யாரிடம் போய்க் கேட்பது?

கிளப்பிவிட்டவன் பக்கத்து வீட்டு பெலிக்ஸ். காலையில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். காம்பவுண்டுச் சுவருக்கு மேல் அவன் தலை முளைத்தது.

"அண்ணே, மதினி எழுதின நாவலைப் படிச்சிட்டேன்."

"நல்லாருக்கா?"

"நல்லாருக்குண்ணே. ஆனா உங்களை இப்பிடிப் பண்ணியிருக்க வேணாம்."

"என்னை என்ன பண்ணா?"

"ஐயையோ, நீங்க இன்னும் படிக்கலையா? அப்ப வேணாம்ணே. நிம்மதியாத் தண்ணி ஊத்துங்க."

தலை மறைந்துவிட்டது. குழாய்த் தண்ணீர் என் வேட்டியில் பாய்ந்துகொண்டிருந்தது.

என் மனைவி செபஸ்தியம்மாள் காதல் கதை எழுதுகிறவள். கையால் எழுதுவதில்லை. போனிடம் சொல்வாள், போன் எழுதிக்கொள்ளும். "அவன் பார்வை அவள் நெஞ்சைத் துளைத்தது முற்றுப்புள்ளி" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். ஆரம்பத்தில் நான் "என்ன வேணும்?" என்று எழுந்து போயிருக்கிறேன். "உங்களை இல்லங்க" என்பாள். உண்மையான பதில்தான். ஆனாலும் திரும்பி வந்து உட்காரச் செத்த நேரம் ஆகும்.

அப்படி அடுப்படியில் வளர்ந்த 'மூன்றாம் ஓலை' என்ற நாவலைச் சென்னையில் ஓர் ஓடிடி கம்பெனி எட்டு எபிசோடு தொடராக எடுக்கப்போகிறது. செபஸ்தி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். திரைக்கதை எழுத இசைவாணி என்ற பெண் திண்டுக்கல்லுக்கே வந்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜில் தங்கியிருந்தாள். இவ்வளவு நடந்தும் நான் நாவலைத் தொடவில்லை. நான் எட்டாவது படித்தவன். நூற்பாலை டைம் ஆபீசில் ஆட்கள் வந்த நேரமும் போன நேரமும் எழுதி ஓய்வு பெற்றவன். காதல் கதை படிக்க எனக்குக் கூச்சம். அதுவும் சொந்த மனைவி எழுதியது என்றால், குளிக்கிற அறையை எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

அன்று செபஸ்தி கோவிலுக்குப் போனதும் எட்டிப் பார்த்துவிட்டேன்.

எங்களைப் போன்ற வேதக்கார, கிறிஸ்தவக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் சொல்லுங்கள் என்று. கதையில் மெர்சி என்ற பெண்ணுக்கும் சவரிமுத்து என்ற மாப்பிள்ளைக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை வாசிக்கும்போது ஜெரால்டு என்கிற பாடகன் எழுந்து, "தடை இருக்கு சாமி! அவ மனசுல நான் இருக்கேன்!" என்று முழங்குகிறான். பூசையே நின்றுவிடுகிறது. மெர்சி அவனைக் கட்டிக்கொள்கிறாள். சவரிமுத்து குடையை விரித்துக்கொண்டு வெளியே போகிறான். வெளியே மழையில்லை.

ஜெரால்டு ஆறடி. கிட்டார் வாசிக்கிறான். சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது. சவரிமுத்துவோ மில்லில் வேலை பார்க்கிறான். எங்கே போனாலும் குடை. கைக்குட்டையை நாலாக மடித்துத்தான் வைப்பான். கடைக்காரன் மீதி கொடுத்தால் அங்கேயே நின்று சரிபார்ப்பான்.

நான் என் கைக்குட்டையை எடுத்துப் பார்த்தேன். நாலாகத்தான் இருந்தது.

எதையும் ஒழுங்காகக் கணக்குப் போட்டுப் பார்க்கிற ஆள் நான். இதையும் போட்டுப் பார்த்தேன். மெர்சிதான் செபஸ்தி என்றால், மெர்சியைக் கட்டிய ஜெரால்டு நானாக இருக்க வேண்டும். ஆனால் குடை வைத்திருக்கிறவன் சவரிமுத்து. சவரிமுத்துதான் நான் என்றால் செபஸ்தி என்னைக் கட்டவில்லை. அப்படியானால் இத்தனை வருஷமாக இந்த வீட்டில் நான் யார்? அல்லது அவள் யார்? எந்தப் பக்கமிருந்து போட்டாலும் ஓர் ஆள் மிஞ்சினான். அவன் கையில் கிட்டார் இருந்தது.

மத்தியானம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"செபஸ்தி, இந்த ஜெரால்டு யாரு?"

"கதாநாயகன்."

"அது தெரியுது. யாரு?"

"அதத்தான சொன்னேன்."

"கிட்டார் வாசிக்கிற ஆளு யாரையாச்சும் உனக்குத் தெரியுமா?"

"டிவில பாத்திருக்கேன்."

"ஆறடி ஒசரத்துல?"

"வெஞ்சனம் என்ன வைக்கட்டும்? வெண்டைக்காயா, புடலங்காயா?"

"புடலங்காய்."

"அதுகூட ஆறடி வளருதுங்க. அதையும் யாருன்னு கேப்பீங்களா?"

அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சோற்றைப் பிசைந்தேன். புடலங்காயை ஓரமாக ஒதுக்கிவைத்தேன்.

சாயந்திரம் சுவருக்கு மேல் மறுபடி தலை.

"படிச்சிட்டீங்கபோல. மூஞ்சியிலயே தெரியுது."

"பெலிக்ஸ், இது டிவியில வந்தா ஊரே பாக்குமே?"

"ஊரா? துபாய்ல இருக்குற எம் மச்சினன்கூடப் பாப்பான். குடை வச்சவன் யாருன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லிருவான்."

"இப்ப என்ன செய்ய?"

"முடிவை மாத்திருங்க. படம் எடுக்குறவங்க எழுதினதை எழுதினபடியா எடுக்குறாங்க? அந்த இசைவாணிப் புள்ளையப் புடிங்க. பிரியாணி வாங்கிக் குடுங்க. மாப்பிள்ளைதான் ஒசத்தின்னு ஒரே போடாப் போடுங்க. மதினிக்கு மட்டும் தெரியக் கூடாது."

அன்று நான் ஒரு சபதம் எடுத்தேன். மெர்சியைச் சவரிமுத்துவுக்குக் கட்டிவைக்காமல் ஓய்வதில்லை. கூடவே என் கல்யாணத்தையும் நானே நடத்திவைத்த மாதிரி ஆகும்.

மறுநாள் செபஸ்தியிடம் ஒரு பொய் சொன்னேன். "அந்தப் பொண்ணுக்கு ஊரைச் சுத்திக் காட்டணுமாம். படப்பிடிப்புக்கு இடம் பாக்குறாங்க. கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போயிட்டு வாங்க. வெயிலா இருக்கு, குடைய எடுத்துக்கங்க."

குடை என்ற சொல் என்னைக் குத்தியது. இருந்தாலும் எடுத்துக்கொண்டேன். வெயில் அடித்ததே!

பிரியாணிக் கடையில் இசைவாணி எனக்கு எதிரே உட்கார்ந்தாள். போனைக் கவிழ்த்துத் தால்ச்சாக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள். முதல் தட்டு முடிகிறவரை எலும்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு துணிந்தேன்.

"பாப்பா, சவரிமுத்து நல்லவன்."

"யார் சார்?"

"ஓலை நின்னுபோன மாப்பிள்ளை."

"அவருக்கு நாவல்லயே ரெண்டு வசனம்தான் சார். 'மழை வருமா?' 'நேரமாச்சு.'"

"வாய்ல அம்புட்டுதான் வரும். உள்ளுக்குள்ள நெறைய இருக்கு."

"என்ன இருக்கு? சொல்லுங்க."

என்ன நடந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பிரியாணி மிளகுக் காரமா, அந்தப் பெண் கேட்ட விதமா, தெரியாது. செபஸ்தியிடம் ஒருநாளும் சொல்லாததெல்லாம் சவரிமுத்து பெயரில் வர ஆரம்பித்தது.

"பொண்ணு பாத்துட்டு வந்த மறுநாள் மில்லுல ஒரு தொழிலாளியோட வருகை அட்டையில, அந்தாளு பேருக்குப் பதிலா அவ பேரை எழுதிட்டான். அந்தாளு மீசையை முறுக்கிக்கிட்டு வந்து, நான் எப்பப்பா பொம்பளையானேன்னு சண்டை போட்டான்."

"அழகு சார். அப்புறம்?"

"ஒரே டேபிள் ஃபேன்தான் இருந்துச்சு. அவ தூங்கினதும் அவ பக்கம் திருப்பி வச்சிருவான். காலையில கேட்டா, காத்து எனக்கு ஒத்துக்காதுன்னு பொய் சொல்லுவான்."

இசைவாணி கையை நிறுத்தினாள். "கல்யாணமே நின்னுபோச்சே சார். ஃபேன் எங்கேருந்து வந்தது?"

"நடந்திருந்தா திருப்பியிருப்பான்."

"ஓ! சரி சரி. சொல்லுங்க."

"அவ அடுப்படியில நின்னு கதை எழுதுறான்னு தெரிஞ்சதும் புது ட்யூப்லைட்டு மாட்டிட்டு, பழசு போயிருச்சும்பான். போயிருக்காது. பரண்ல பத்திரமா இருக்கும். மழையில ரெண்டு பேரும் நடந்தா அவனோட ஒரு தோள் எப்பவும் நனைஞ்சிருக்கும். குடை எங்க சாயும்னு அவ கவனிச்சதே இல்ல. அவ கோவிலுக்குப் போயிட்டா வீட்டுல கடிகாரம் ஓடுற சத்தம் பெருசாக் கேக்கும். வந்துட்டா கேக்காது."

இசைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காரமா பாப்பா?"

"ஆமா சார், காரம்தான். முடிவை மாத்திடறேன். மூணாவது ஓலை வாசிக்கிறாங்க. ஜெரால்டு எழுந்து தடைன்னு கத்தறான். மெர்சி எழுந்து, 'எந்தத் தடையும் இல்ல சாமி, வாசிங்க'ன்னு சொல்றா. ஜெரால்டு தனியா வெளிய போறான்."

"மழை பெய்யணும்," என்றேன்.

"கொட்டும் சார்."

ஜெரால்டிடம் குடை கிடையாது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இன்னொரு பிரியாணி பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

செபஸ்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காதில் இயர்போன். என்னைப் பார்த்ததும் கழற்றினாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஃபேன் விசயம் எனக்குத் தெரியாதுங்க."

பார்சல் கையிலேயே நின்றது. "எந்த ஃபேன்?"

"ட்யூப்லைட்டும் தெரியாது. இசைவாணி அம்புட்டையும் போன்ல பதிஞ்சு அனுப்பியிருக்கு."

மாட்டிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் நிமிர்ந்து நின்றேன். "ஆமா, நான்தான் மாத்தச் சொன்னேன். என்னை நட்டநடுக் கோவில்ல விட்டுட்டு நீ ஒரு கிட்டார்காரன்கூடப் போவ, அதை ஊரே பாக்கணுமா?"

"உங்களையா? சவரிமுத்து நீங்கன்னு யார் சொன்னா?"

"குடை?"

"இந்தச் சீமையில குடை வச்சுக்கிட்டு மில்லுக்குப் போறது நீங்க ஒருத்தர்தானா? அது ஒட்டன்சத்திரத்து மாப்பிள்ளை. உங்களுக்கு முன்னாடி எங்க பங்குக் கோவில்ல எனக்கும் அவருக்கும் ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. அவுக வீட்டுல புல்லட்டு கேட்டாக, எங்கப்பா சைக்கிள்தான்னார். மூணாவது ஓலை வாசிக்கவே இல்ல."

"எங்கிட்ட யாருமே சொல்லலையே!"

"நீங்க வேற பங்கு. கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க."

மிஞ்சிய ஆள் இன்னும் மிஞ்சிக்கொண்டுதான் இருந்தான். "அப்ப அந்த ஜெரால்டு?"

அவள் பார்சலை வாங்கிப் பிரித்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்கதான்."

"நான் அஞ்சே காலடி!"

"எங்க பங்குத் திருவிழாவுக்கு உங்க பாட்டுக் கோஷ்டி வந்துச்சுல்ல? கடைசி வரிசையில நின்னீங்க. முன்னாடி நின்னவுகளை விட ஒரு தலை ஒசரம்."

"கடைசி வரிசைக்கு பெஞ்சு போட்டிருந்தாங்க, செபஸ்தி. மேல ஏறி நின்னேன்."

"அது கல்யாணத்துக்குப் பெறகுதான தெரிஞ்சுச்சு."

"நான் பாடவும் இல்ல. வாயை மட்டும் அசைச்சேன்."

"அதுவும் பெறகுதான் தெரிஞ்சுச்சு."

"கிட்டார்?"

"கதாநாயகன் கையில ஏதாச்சும் இருக்கணும்ல? மஞ்சப்பையா குடுக்க முடியும்?"

நான் உட்கார்ந்துவிட்டேன். கணக்கு ஒருவழியாகச் சரியாக வந்தது. ஆனால் வந்த விடை நன்றாக இல்லை.

"அப்ப என்னை நானே கழட்டி விட்டுட்டேனா?"

"ஒரு பிரியாணி வாங்கிக் குடுத்துக் கழட்டி விட்டிருக்கீங்க."

"நீயாவது தடுத்திருக்கலாம்ல!"

"தடுத்தா பேசியிருப்பீங்களா? ஜெரால்டை ஒருத்தரும் நம்ப மாட்டாங்க, அந்த மாப்பிள்ளைக்கு ஒரு மனசு எழுதிக் குடுங்கன்னு வந்த நாள்லேர்ந்து இசைவாணி உசுரை வாங்குச்சு. ஒட்டன்சத்திரத்தான் மனசு எனக்கெப்பிடித் தெரியும்? முகத்தையே ஒழுங்காப் பாக்கலை. தெரிஞ்ச மனசு ஒண்ணு வீட்டுலயே இருக்கு, ஆனா எங்கிட்ட வாயைத் தொறக்காது. அதான் பெலிக்ஸ் தம்பியச் செவுத்துல ஏத்திவிட்டேன்."

உடனே இசைவாணியைக் கூப்பிட்டேன். பழைய முடிவே நன்றாக இருக்கிறது, யோசித்துப் பார்த்தால் ஜெரால்டும் ஒன்றும் மோசமில்லை என்றேன். "கம்பெனி ஓகே பண்ணிட்டாங்க சார். சவரிமுத்துன்னா எல்லாருக்கும் உசுரு" என்றாள்.

தொடர் வந்துவிட்டது. நானும் செபஸ்தியும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். ஜெரால்டு கொட்டுகிற மழையில் கிட்டாரோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனான். பார்க்கவே பாவமாக இருந்தது. சவரிமுத்து அட்டையில் பெயரை மாற்றி எழுதினான். ஃபேனைத் திருப்பினான். ட்யூப்லைட்டு மாட்டினான். வலது தோள் நனைய மெர்சியோடு நடந்தான். என் சரக்கு முழுவதும் அவன் கைக்குப் போயிருந்தது. ஒட்டன்சத்திரத்தில் அந்த மனிதரும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், இவ்வளவு செய்தோமா என்று அவரும் குழம்பியிருப்பார்.

செபஸ்தியை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் கண்கள் கலங்கியிருந்தன. அத்தனையும் யார் செய்தது என்று அவளுக்குத் தெரியும் அல்லவா? கூச்சத்தை விட்டு, அவள் கையைப் பிடிக்கலாம் என்று என் கையை மெல்ல நகர்த்தினேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

"இப்பிடிப்பட்ட மனுசனைப் போயி ரெண்டு ஓலையோட விட்டுட்டேனே!"