பெல்ட் அண்ணன் ஓட்டிய பால் வண்டி

காரைக்குடி வட்டாரத்தில் அம்மனை நம்பியவர்கள் உண்டு, மாதாவை நம்பியவர்கள் உண்டு, சீட்டுக் கம்பெனியை நம்பியவர்களும் உண்டு. பெல்ட்டை நம்பியவர் ஒரே ஒருவர்தான். அப்பா அம்மா அவருக்கு ஏதோ ஒரு புனிதரின் பெயரை வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் மட்டும் அந்தப் பெயரைச் சொல்லி விசாரிப்பார். மற்ற எல்லோருக்கும் அவர் பெல்ட் அண்ணன். இத்தனைக்கும் அவர் இடுப்பில் பெல்ட் கிடையாது. ஒரு கட்டம் போட்ட கைலி, அதையும் பேசப் பேச இழுத்துச் செருகிக்கொண்டே இருப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஊருக்கு வெளியே ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை பார்த்தேன். வந்து இறங்கும் பாலைச் சோதித்து, நல்லதைத் தொட்டிக்கும் கெட்டதைச் சாக்கடைக்கும் அனுப்புகிற உத்தியோகம். கானாடுகாத்தான் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பாலைக் கொண்டுவந்து சேர்ப்பது பெல்ட் அண்ணனின் பொறுப்பு.

அவர் ஒரு காலத்தில் அரிசி மில்லில் இன்ஜின் ஓட்டியவர். மில்லை மூடிய பிறகு சும்மா இருக்க முடியாமல் ஒரு பழைய ஜீப்பின் எலும்புக்கூட்டையும், கிணற்றில் தண்ணீர் இறைத்துக் களைத்துப்போன ஒரு ஆயில் இன்ஜினையும் பிடித்துக் கல்யாணம் செய்துவைத்தார். தாலிக்குப் பதிலாக ஒரு பெல்ட். இன்ஜின் சக்கரத்திலிருந்து பின் அச்சுக்கு அந்த பெல்ட்தான் ஓடும். கியர் என்ற பேச்சே இல்லை. ஒரு இரும்புக் கம்பியை இழுத்தால் பெல்ட் இறுகி வண்டி போகும், விட்டால் தளர்ந்து நிற்கும். சில நாள் விட்டாலும் நிற்காது. முன்னால் அடுத்தடுத்து இரண்டு இருக்கைகள், இடித்த சினிமாக் கொட்டகையிலிருந்து வந்தவை. எழுந்தால் டபக்கென்று மடங்கி, மறுபடி உட்காருகிறவரைத் தரையில் உட்கார வைக்கும். பின்னால் பால் கேன்களுக்குப் பலகை.

"கியரு வண்டிக்கு என்னண்ணே குறை?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"தம்பி, கியரு ஒடஞ்சா மெக்கானிக்கத் தேடி மதுரைக்குப் போகணும். பெல்ட்டு அறுந்தா? மாட்டிட்டுப் போய்க்கிட்டே இருக்க வேண்டியதுதான். எது சீக்கிரமா அறுகுதோ அதுதான் தம்பி நம்பகமான சாமான்."

இந்த ஞாயத்தை இன்றுவரை என்னால் வெல்ல முடியவில்லை.

பக்கத்து இருக்கையில் ஓசியில் உட்கார முடியாது. பெல்ட் வழுக்க ஆரம்பித்தால் அதன் மேல் குங்கிலியப் பொடியைத் தூவ வேண்டும். அரிசி மில்லில் இருந்த வழக்கம் அது. பொடி பட்டால் பெல்ட் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். சூட்டில் பொடி புகைந்து, வண்டி போகிற வழியெல்லாம் கோயில் வாசம் அடிக்கும். வலையபட்டியில் ஒரு பாட்டியம்மா வாசம் வந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நானே பார்த்தேன். பால்காரர்களுக்கு வசதியாகப் போயிற்று. மணி பார்க்க வேண்டாம். வாசம் மூக்கில் ஏறியதும் பாலோடு ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். "என்னய்யா, பால்ல சாம்பிராணி மணக்குது?" என்று மேனேஜர்தான் முகத்தைச் சுளிப்பார். சோதனையில் மணத்துக்கு இடமில்லை என்று நான் சமாளித்துவிடுவேன்.

வண்டிக்கு ரிவர்ஸும் கிடையாது. கானாடுகாத்தான் வீடுகள் எப்படி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: முன்வாசல் ஒரு தெருவில் என்றால் பின்வாசல் அடுத்த தெருவில். ஒரு கேனை மறந்துவிட்டு வந்தால் அந்த மாளிகை முழுவதையும் சுற்றித்தான் திரும்ப முடியும். சுற்றிச் சுற்றி அலுத்துப்போய், பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக் காவல்காரரிடம் அண்ணன் போய் நின்றார்.

"ஆச்சியும் அப்பச்சியும் மெட்ராசுலதான இருக்காக? முன்கதவையும் பின்கதவையும் மட்டும் தொறந்து விடுங்க. சத்தமில்லாம அங்குட்டுப் போயிருவேன்."

காவல்காரர் கோபப்படவில்லை. "படி இருக்கேண்ணே, எப்பிடி ஏத்துவீக?" என்று கேட்டார். இருவரும் படியை நெடுநேரம் ஆராய்ந்தார்கள் என்று கேள்வி.

பெல்ட் அறுந்துபோகாமலும் இல்லை. ஒருமுறை மாற்று பெல்ட்டும் கைவசம் இல்லாதபோது அறுந்துபோக, அவர் மனைவியின் நைலான் சேலையை முறுக்கி மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கட்டியிருந்த சேலை இல்லை. வண்டி நின்றது வீட்டுக்குப் பக்கத்தில், சேலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் அந்த அக்கா நிலையத்து வாசலிலேயே வந்து நின்றுவிட்டார்.

"ஏன் தம்பி, எனக்கு ஒரு சீல எடுக்கத் துப்பில்ல, வண்டிக்குக் கட்டி விட்டுருக்காரே, இது அடுக்குமா?"

"உன்னைய விட அதுக்குத்தான் எடுப்பா இருந்துச்சு" என்றார் அண்ணன். அந்த வாரம் அவருக்கு மத்தியானச் சோறு எங்கள் நிலையத்து கேன்டீனில்தான்.

சிரித்துக்கொண்டே இருந்தோம், சித்திரை வரும் வரைக்கும். வெயிலில் வண்டி நின்றால் பால் திரிந்துவிடும். அடுத்தடுத்துச் சில நாள் அப்படி ஆனதும், முதலாளி ஒரு வேனைப் பேசி வைத்துவிட்டார். இன்னொரு தடவை பால் கெட்டால் அந்த ரூட் வேனுக்கு. மேனேஜர் நல்லவர். முதலாளியிடம் பேசி ஒரு சலுகை வாங்கித் தந்தார்: வண்டி பழுதானால் அது விபத்து, பொறுத்துக்கொள்ளலாம், ஓட்டுகிறவரின் கவனக்குறைவாக இருந்தால் மன்னிப்பு கிடையாது.

பெல்ட் அண்ணன் அன்று சிரிக்கவில்லை. "இந்த ரூட்டு போச்சுன்னா இந்த வண்டிக்கு வேற எவன் தம்பி வேலை குடுப்பான்?" என்றார். அடுத்த நாளே புத்தம் புது பெல்ட் மாட்டினார். மேலும் இரண்டைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டார். குங்கிலியத்தை நைசாக இடித்துச் சலித்து டப்பாவில் நிரப்பினார். விடியற்காலையில் கிளம்பும்போது பெல்ட்டைத் தட்டிக் காட்டி, "கிண்ணுனு இருக்கு பாருங்க" என்றார். மாப்பிள்ளை ஊர்வலம் போகிற மாதிரி போனார்.

வண்டி திரும்பி வந்தபோது உச்சி வெயில். கேனைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, சோதிக்கவே வேண்டியதில்லை. மேனேஜர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணனைத் தனியே கூப்பிட்டார். நானும் கூடவே போனேன்.

"பெல்ட்டு அறுந்துருச்சாண்ணே?"

"இல்ல சார்."

"பின்ன?"

அண்ணன் கைலியை இழுத்துச் செருகினார். "டீசல் தீந்துபோச்சு. பெல்ட்டையே பாத்துக்கிட்டு இருந்தேனா, டேங்கைப் பாக்க மறந்துட்டேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பெல்ட்டு அறுந்துச்சுன்னே முதலாளிகிட்டச் சொல்லிருவோம். பழுதுன்னா விட்டுருவாரு. நீங்க பேசாம இருந்தாப் போதும்" என்றார். நான் பின்னால் நின்று தலையை ஆட்டுண்ணே, ஆட்டுண்ணே என்று கண்ணாலேயே கெஞ்சினேன். பழைய பெல்ட் ஒன்றைக் கத்தியால் அறுத்துக் காட்டிவிடலாம் என்றுகூடத் தயாராக இருந்தேன்.

"அது கிண்ணுனு இருக்கு சார். அது மேல அபாண்டமாப் பழி போடாதீக" என்றார் பெல்ட் அண்ணன். சொல்லிவிட்டு, திரிந்த பாலைத் தானே சுமந்து போய்ச் சாக்கடையில் ஊற்றினார்.

ரூட் வேனுக்குப் போயிற்று. அவர் சொன்னது போலவே அந்த வண்டிக்கு வேறு யாரும் வேலை கொடுக்கவில்லை. கொஞ்ச காலம் வீட்டு வாசலில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. பிறகு அரியக்குடிக்கு அங்குட்டு ஒரு விவசாயி கிணற்றுக்கு இன்ஜின் தேடுகிறார் என்று செய்தி வந்தது. "கொண்டுபோய் விட்டுட்டு வந்துருவோம், கூட வாரீகளா தம்பி?" என்று அண்ணன் கேட்டார். எனக்குப் போகவே பிடிக்கவில்லை. போனேன்.

இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். குங்கிலிய டப்பா என் மடியில் இருந்தது. வழி நெடுக அவர் கம்பியை மட்டும் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு, நடந்து போகிறவர்கள்கூட எங்களைத் தாண்டிப் போகும்படி ஓட்டினார். எதிரே வந்த ஒரு பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்னண்ணே, எங்குட்டு இவ்வளவு தூரம்?" என்று கேட்டார். அண்ணன் சிரித்துக் கையை மட்டும் காட்டினார்.

ஏறின நிமிஷத்திலிருந்து நான் அந்த பெல்ட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை அறுந்தால் போதும், வண்டி நின்றுவிடும், இன்றைக்கு வேண்டாம் திரும்பிவிடுவோம் அண்ணே என்று சொல்லிவிடலாம். அது அறுந்துபோகவும் இல்லை, வழுக்கவும் இல்லை. ஒரு சிட்டிகைப் பொடிகூடக் கேட்காமல் கிணற்றடி வரைக்கும் எங்களைக் கொண்டுபோய் விட்டது.