பதினோரு மணிக்கு வால்வு திறக்கப்படும்

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நீங்கள் என் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போன ஐந்து விதிகளால் உங்கள் அக்காவின் வலது மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டது. முப்பத்தாறு வருடமாக என்னோடு ஒரே கூரைக்குக் கீழ் இருந்தவள் பதினோரு நாளாக உங்கள் வீட்டில் இருக்கிறாள். இரண்டு குற்றமும் உங்களுடையவை. நலம் விசாரித்து முடிப்பதற்குள் தாள் தீர்ந்துவிடக்கூடும் என்பதால் இதை முதலில் எழுதிவிட்டேன்.

நிற்க. நீங்களும் உங்கள் மனைவியும் பிள்ளைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் எப்போதும் நலம். அது உங்கள் தொழில். நான் பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறேன். போனில் பேசலாமே என்பீர்கள். நான்கு முறை பேசினேன். நான்கு முறையும், "நல்லதாப் பேசறதா இருந்தா பேசுங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு, நான் மூச்சு இழுப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேசைமேல் கிடந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்போது மணி ஒன்பதரை. பதினோரு மணிக்கு மெக்கானிக் வந்து எங்கள் குளியலறை ஹீட்டரில் அழுத்தம் மிஞ்சினால் நீராவியை வெளியே விடும் சேஃப்டி வால்வைத் திறந்து பார்க்கப்போகிறார். உங்கள் அக்கா கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னதை உங்களிடம் சொன்னாளோ இல்லையோ, நான் சொல்கிறேன். "அந்த வால்வைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க. அடைச்சிருந்தா நானே வந்து உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன். அடைக்கலேன்னா, நீங்க மாறின பிறகுதான் இந்த வீட்டுப் படி ஏறுவேன்." நானே திறந்து பார்த்துவிடுகிறேன் என்றேன். முப்பத்தொரு வருடம் பாய்லரோடு வாழ்ந்தவனுக்கு இந்தச் சின்ன வால்வு எம்மாத்திரம்? அதற்கு அவள், "நீங்க திறக்கக் கூடாது. நீங்க திறந்தா அது அடைச்சுத்தான் இருக்கும்" என்றாள். ஆகவே மெக்கானிக். அவரோ இன்று நாளை என்று ஒன்பது நாளைக் கடத்திவிட்டார். இன்று வருவதாகச் சத்தியம் செய்திருக்கிறார். வரமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அப்படி நினைத்தால்தான் வருவார்.

உங்களுக்கு என் வழி புரியாது. நான் எட்டாவதோடு நின்றவன். சலவை ஆலையில் கரி அள்ளப் போய், பாய்லரோடு வந்த கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்து, பரீட்சை எழுதி, அதே அறைக்குப் பொறுப்பாளன் ஆனேன். அந்த பாய்லர் என் காலத்தில் ஒருநாளும் வெடிக்கவில்லை. ஏன்? தினமும் காலையில் உள்ளே நுழையும்போதே, இன்றைக்கு இது வெடிக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் நுழைவேன். நல்லதே நடக்கும் என்று நம்பிக்கொண்டு நீங்கள் அந்த அறையில் உட்கார்ந்திருந்தால், வெளுக்கப் போட்டவர்கள் தங்கள் துணியைப் பக்கத்து ஊரில் போய்ப் பொறுக்கியிருப்பார்கள்.

ஓய்வு பெற்றபோது அந்தக் கண்ணும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. ஒத்துக்கொள்கிறேன். மின்விசிறிக்கு நேர் கீழே நான் உட்காரமாட்டேன், அவளையும் உட்காரவிடமாட்டேன். அவள் படி இறங்கும்போது பின்னாலிருந்து "பார்த்து, பார்த்து" என்பேன். அதைக் கேட்டுத் திரும்பியதால்தான் ஒருதரம் தடுமாறியதாக அவள் சொல்வது அவதூறு. இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்துக்குள் நீங்கள் மூன்று நாள் விருந்துக்கு வந்தீர்கள். கம்பெனிகளில் நாற்பது பேரை உட்காரவைத்து மனவளப் பயிற்சி கொடுப்பவர், என் ஒருவனை விட்டுவைக்கக் கூடாதா? ஐந்து விதிகள். இல்லை, முடியாது, போச்சு என்ற சொற்கள் கூடாது. காலையில் எழுந்ததும் மூன்று நல்ல விஷயங்கள் சொல்ல வேண்டும். பிறர் சொன்னால் குறுக்கே பேசக் கூடாது. கவலை வந்தால் அதையே ஒரு நல்ல வாக்கியமாக மாற்றிச் சொல்ல வேண்டும். தவறினால் கண்ணுக்குத் தெரியும்படி ஓர் அடையாளம் வைக்க வேண்டும். அடையாளத்தை நீங்கள் சொல்லவில்லை. உங்கள் அக்கா, தவறுக்கு ஒன்றாக என் சட்டையில் மாட்ட, துணி காயப்போடும் கிளிப்புகளை எடுத்துவந்தாள்.

நான் மறுத்திருப்பேன். அவள்தான், "முப்பத்தாறு வருஷமா நடக்காத விபத்துக்கெல்லாம் உங்களோட சேர்ந்து நானும் பயந்தாச்சுங்க. ஒரு முப்பது நாள் சும்மா இருக்கணும்போல இருக்கு" என்றாள். சரி என்றேன்.

முதல் நாள் காலை மூன்று நல்ல விஷயங்கள் சொன்னேன். கூரை இன்னும் விழவில்லை. கேஸ் கசியவில்லை. நேற்று தெரிந்தவர்கள் யாரும் சாகவில்லை. மூன்று கிளிப். நல்ல விஷயத்துக்கு எதற்குக் கிளிப் என்று கேட்டதற்கு நான்காவது. மூன்றாம் நாள் சட்டையில் ஒன்பது கிளிப்போடு இருப்பதை மறந்து மருந்துக்கடைக்குப் போய்விட்டேன். மாடி வீட்டு ரிடயர்டு வாத்தியார் வரிசையில் எனக்குப் பின்னால் நின்று, "என்ன சார், பிழிஞ்சு காயப்போட்டுட்டாங்களா?" என்று கேட்டார். கடையே சிரித்தது. நான் வீட்டுக்கு வந்து, "இன்று நான் பலரை மகிழ்வித்தேன்" என்றேன். உங்கள் அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்து இரண்டு கிளிப்பைக் கழற்றினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருடம் இருக்கும். இதை ஒரு தகவலாக மட்டும் எழுதுகிறேன். இதில் உங்களுக்குப் பெருமை ஏதும் இல்லை.

அதற்குப் பிறகு நான் தேறினேன். வேண்டுமென்றே தேறினேன். பால்காரர் வராவிட்டால், "இன்று பாத்திரம் கழுவும் வேலை குறைந்தது" என்பேன். முழங்கால் வலித்தால், "முழங்கால் தான் இருப்பதை அன்போடு நினைவூட்டுகிறது" என்பேன். இருபத்தோராம் நாள் சட்டையில் ஒரே ஒரு கிளிப். எனக்கே கொஞ்சம்... சரி, அதை விடுங்கள்.

மணி பத்து பத்து. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "வந்துக்கிட்டே இருக்கேன் சார்" என்கிறார். பின்னால் டீ ஆற்றும் சத்தம் கேட்கிறது.

இருபத்திரண்டாம் நாள் காலை எட்டு மணி. அவள் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தேன். ஹீட்டரிலிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் நின்று மறுபடி டொக். நீராவிக்கு வழி இல்லாதபோது வரும் சத்தம் அது என்று என் காது சொன்னது. செய்தித்தாளைப் போட்டுவிட்டு எழுந்தேன், மாப்பிள்ளை. ஓடிப்போய்க் கதவைத் தட்டி, ஹீட்டர் வெடிக்கப்போகிறது வெளியே வா என்று கத்தியிருக்க வேண்டும். முப்பத்தாறு வருடம் அப்படித்தான் கத்தியிருக்கிறேன். ஆனால் உங்கள் நான்காவது விதி இருக்கிறதே! கவலையை நல்ல வாக்கியமாக மாற்றினேன்.

"ஹீட்டர் இன்னைக்கு ரொம்ப உற்சாகமா இருக்கும்மா!" என்றேன்.

"நீங்களும் அப்படியே இருங்க!" என்றாள் உள்ளேயிருந்து.

டொக், டொக். "தண்ணி சூடு நாம எதிர்பார்த்ததைவிட மேல மேல போகுது!"

"ரொம்ப சந்தோஷம்!"

"வெளிய காத்து எவ்வளவு அருமையா வருது தெரியுமா? உடனே வந்து பாரேன்!"

"தலையெல்லாம் சோப்பு. அஞ்சு நிமிஷம்!"

"இந்த வீட்டுல ஒரு பெரிய மாற்றம் வரப்போகுதும்மா! இப்பவே! சுவரெல்லாம்கூட மாறலாம்!"

"அடடா, எவ்வளவு அழகாப் பேசறீங்க! வந்ததும் அந்தக் கடைசிக் கிளிப்பையும் கழட்டிடறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டாள்.

நான் நன்றாகப் பேசப் பேச அவள் நிம்மதியாகக் குளிக்கிறாள். இதற்கு உங்கள் காகிதத்தில் என்ன வழி இருக்கிறது? ஹீட்டரின் ஸ்விட்ச் குளியலறைக்கு உள்ளே. அதை வெளியே மாற்ற வேண்டும் என்று எட்டு வருடமாகச் சொல்கிறேன். ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை இறக்கினேன். ஜன்னல் இல்லாத குளியலறை இருட்டாகிவிட்டது. பாட்டு நின்றது. பிறகு ஒரு சத்தம். அது ஹீட்டர் சத்தம் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்படி அடிபட்டுச்சும்மா?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரர் என்னைக் காப்பாத்தினார் டாக்டர்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் ஒற்றைக் கையால் பெட்டி கட்டினாள். ஏன் இப்போது தம்பி வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்டேன். "அங்க என்னை யாரும் காப்பாத்த மாட்டாங்க" என்றாள்.

மணி பத்தே முக்கால். வால்வு அடைத்திருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் வாழ்நாளில் எந்த ஒன்றையும் நான் இவ்வளவு உறுதியாக நம்பியதில்லை. எனவே நடக்க வேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறேன். நீங்கள், வால்வு அடைத்திருந்தது என்ற செய்தி கிடைத்த அன்றே, உங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏற வேண்டும். வந்ததும் உங்கள் கையாலேயே ஃபிரிட்ஜில் இருக்கும் காகிதத்தைக் கிழிக்க வேண்டும், நான் தொடமாட்டேன். அவள், வாக்குக் கொடுத்தபடி மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒருமுறை போதும், உட்கார்ந்துகொண்டே கேட்கலாம். நான் மன்னிக்க வேண்டும். அது என் பொறுப்பு. அழைப்பு மணி அடிக்கிறது. வந்துவிட்டார்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சிறியவர்களுக்கு என் ஆசிகளும். எல்லோரையும் ஈரத் தரையில் பார்த்து நடக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: மெக்கானிக் போய்விட்டார். வால்வைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மாதிரி இருக்கு சார்" என்றார். நன்றாகப் பாருங்கள் என்றேன். பார்த்துட்டேன் என்றார். இன்னொரு தடவை என்றேன். என் கண்ணாலும் பார்க்கச் சொல்லி டார்ச்சை என் கையில் கொடுத்தார். ஒரு துளி அடைப்பு இல்லை. "கெட்டுப்போச்சுன்னு சொன்னா முகம் சுளிக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். நல்லா இருக்குன்னு சொன்னதுக்கு இப்படி உட்கார்ந்துட்ட ஆளை இப்பத்தான் சார் பார்க்கறேன்" என்றார். அந்தச் சத்தம், சூட்டில் குழாய் விரிந்து சுவரில் தட்டும் சத்தமாம். குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு திருகு. முடிந்தது.

நான் மெயின் ஸ்விட்சைத் தொடாமல் இருந்திருந்தால், அவள் ஐந்து நிமிடத்தில் பாட்டை முடித்துக்கொண்டு, இரண்டு கையோடும் வெளியே வந்திருப்பாள்.

நல்ல செய்தி வீடு தேடி வந்திருக்கிறது, மாப்பிள்ளை. அதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் ஐந்து விதிகளிலும் தேடினேன். கெட்டதை நல்லதாக மாற்றத்தான் வழி இருக்கிறது, நல்லது வந்தால் என்ன செய்வதென்று ஒரு வரிகூட இல்லை. காலையில் எழுந்ததும் மூன்று சொல்லச் சொல்லியிருந்தீர்கள். பன்னிரண்டு மணிக்கு ஒன்று சொல்கிறேன்: ஹீட்டர் நன்றாக இருக்கிறது. கூட யாரும் இல்லாத வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. நீங்கள் எங்கும் கிளம்ப வேண்டாம். காகிதம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியது நீங்கள், பின்குறிப்பிலிருந்து ஆரம்பித்து. மன்னிப்புக் கேட்க வேண்டியது நான், நின்றுகொண்டே கேட்பேன். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பஸ்ஸைப் பற்றி எனக்குச் சில எண்ணங்கள் உண்டு, எழுதவில்லை. வலது கையில் கட்டோடு இருப்பவளுக்குக் கட்டுப் பிரிக்கும்வரை தலை வார வேண்டியது நான், சிக்கெடுக்க வேண்டியதும் நான், எனக்கு அது வராவிட்டால் உங்கள் மனைவியிடம் கற்றுக்கொள்ள வேண்டியதும் நானே. கதவைத் திறக்க வேண்டியது மட்டும் அவள். இடது கையாலேயே திறக்கலாம்.