ஷேர் என்றால் எவ்வளவு?

மனைவிக்கு வேலை கிடைத்த அன்று டயர்க்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். அர்த்தம் தெரியாத எந்தக் காகிதத்திலும் இனி கையெழுத்துப் போடுவதில்லை.

காகிதம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. ஒரே வரி. 'வீட்டு வேலைகளை இருவரும் ஷேர் செய்துகொள்வோம்.' கீழே மனைவியின் கையெழுத்து. பக்கத்தில் அவருக்காக இழுத்த கோடு காலியாகக் கிடந்தது.

அவளுக்குக் கண் மருத்துவமனையில் வேலை. வருகிறவர்களின் பெயரைப் பதிந்து டோக்கன் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். பத்து வருஷம் வீட்டில் இருந்தவள், புதுச் செருப்பு வாங்கி, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து பழக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. 'ஷேர்' என்ற அந்த ஒரு வார்த்தைதான் உறுத்தியது.

“ஷேர்னா என்ன?”

“பங்கு.”

“பங்குன்னா எவ்வளவு?”

“உங்க பங்கு எவ்வளவோ அவ்வளவு.”

“அது எவ்வளவுன்னுதானே கேக்கறேன்?”

“ஷேர் பண்ணிப் பாருங்க, தெரியும்.”

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். போனில் ஒரு போட்டோவை ஷேர் பண்ணினால், அனுப்பினவனிடமும் முழுசாக இருக்கிறது, வாங்கினவனிடமும் முழுசாக இருக்கிறது. அப்படியானால் எல்லாப் பாத்திரத்தையும் அவளும் தேய்த்து, அவரும் தேய்க்க வேண்டுமா? சனிக்கிழமை சாயங்காலம் மாடி ஏறினார். மாடியில் இருப்பவர் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர். தெருவுக்கே 'மாடி சார்'.

“ஷேர் வேற, டிவைட் வேற தம்பி,” என்று மாடி சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “ஒரு பெஞ்சுல ரெண்டு பேர் உக்காந்தா ஷேர். பெஞ்சை ரெண்டா அறுத்தா டிவைட்.”

“அறுத்த பெஞ்சுல எப்படி சார் உக்கார்றது?”

“அது தச்சரைக் கேக்க வேண்டிய கேள்வி. ஸ்பிலிட்னு இன்னொண்ணு இருக்கு. அது விரிசல் விட்டுப் பிளக்கறது. அலாட்னா, மேல இருக்கறவர் ஒதுக்குவார், கீழ இருக்கறவர் வாங்கிக்கணும்.”

“எங்க வீட்டுல மேல இருக்கறவர் யாரு சார்?”

“எனக்குத் தெரிஞ்சு மாடியில நான்தான் இருக்கேன்.”

ஏறும்போது ஒரு வார்த்தை புரியவில்லை. இறங்கும்போது நாலு வார்த்தை புரியவில்லை. இருந்தாலும் டிவைட்தான் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது. நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான்.

“ஷேர் வேண்டாம். டிவைட் பண்ணிக்கலாம்,” என்றார்.

மனைவி காகிதத்தில் 'ஷேர்' என்ற வார்த்தையை அடித்தாள். “சரி. வீட்டுக்குள்ள வேலை ஒருத்தருக்கு, வெளி வேலை ஒருத்தருக்கு. உங்களுக்கு எது?”

வெளியே என்றால் கடைக்குப் போவதும் குப்பை கொட்டுவதும். உள்ளே என்றால் மற்ற அத்தனையும். “வெளி வேலை,” என்றார், அவள் மனசு மாறுவதற்குள்.

“நல்லது. பொண்ணுக்குத் தினமும் ஜடை போடறது உங்க வேலை.”

“ஜடை எப்படி வெளி வேலை?”

“முடி தலைக்கு வெளியேதானே இருக்கு?”

அவர் மகளின் தலையைப் பார்த்தார். சுவருக்கும் ஜன்னலுக்கும்கூட வெளிப்பக்கம் என்று ஒன்று உண்டே என்பது அப்போதுதான் உறைத்தது.

“டிவைட் வேண்டாம். ஸ்பிலிட் பண்ணிடலாம்.”

மனைவி பேனாவைக் கீழே வைத்தாள். “புருஷன் பொண்டாட்டி பிரியறதுக்குத்தான் அப்படிச் சொல்வாங்க. யோசிச்சுத்தான் பேசறீங்களா?”

“ஐயோ, இல்லம்மா. வாய் தவறி வந்துடுச்சு.”

வியர்த்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தவருக்குச் சட்டென்று ஒரு வெளிச்சம். அடுத்தவர் வார்த்தை எதற்கு? பதினெட்டு வருஷமாக டயர் கடையில் தினமும் வாயில் புழங்கும் சொந்த வார்த்தை இருக்கிறதே.

“பேலன்ஸ்,” என்றார் நிமிர்ந்து. “பேலன்ஸ்னு எழுது. அந்த வார்த்தையில என்னை யாரும் அசைக்க முடியாது.”

“அது எப்படிப் பண்ணுவீங்க?”

“சக்கரத்தை மெஷின்ல மாட்டிச் சுத்த விடுவோம். எந்தப் பக்கம் லேசா இருக்குன்னு காட்டும். அந்தப் பக்கம் ஈயக்கட்டி வெச்சு அடிப்போம். வண்டி ஆடாம ஓடும்.”

“ஓ. லேசா இருக்கற பக்கம் பாரம் ஏத்தறது.”

“அதேதான்.”

“இந்த வீட்டுல எந்தப் பக்கம் லேசு?”

டயர்க்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். அவள் புதுக் காகிதம் எடுத்து எழுதி நீட்டினாள். 'காலைச் சமையல், துணி துவைப்பது, வீட்டுப்பாடம்: மனைவி. பேலன்ஸ்: கணவர்.'

“இதுல பேலன்ஸ்னா மீதின்னு ஆகுதே?”

“உங்க வார்த்தைதானே. உங்களை யாரும் அசைக்க முடியாதுன்னீங்க.”

கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகுதான் கேட்கத் தோன்றியது. “ஆமா, முதல்ல ஷேர்னு எழுதினப்போ எனக்கு எவ்வளவு கொடுக்கறதா இருந்தே?”

“பாத்திரமும் குப்பையும். ரெண்டுதான்.”

திங்கட்கிழமை காலை. அவள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். முகம் பளிச்சென்றிருந்தது. அவர் ஒரு கையில் துடைப்பம், மறு கையில் ரிப்பன்.

“முதல் நாள். பயப்படாம போயிட்டு வா,” என்றார், மனசாரத்தான். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நாளையிலேர்ந்து கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணக் கூடாதா?”

“அட்ஜஸ்ட்னா என்ன அர்த்தம்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?”

அவர் மாடிப்படியை ஒருமுறை பார்த்தார். அப்புறம் சீப்பைத் தேடப் போனார்.